திறந்த வண்டியில் பைக்: கவர் எங்கே கிழிகிறது, ஏன் கிழிகிறது

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ கோவைக்கோ பைக்கைத் திறந்த வண்டியில் அனுப்புகிறவர்கள் பெல்ட்டைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். வழியில் அறுந்து பைக் சாய்ந்துவிட்டால்? நியாயமான பயம்தான். ஆனால் நான்கு நல்ல ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியை ஆட்டி இறுக்குகிற பெல்ட்) போட்டால் அது தீர்ந்துபோகும். தீராமல் நிற்பது கவர். ஏற்றும்போது பொட்டலம் போல அழகாக இருந்தது, இறக்கும்போது ஹேண்டிலில் கந்தலாகத் தொங்கும். கவர் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். போகிற போக்கில் அது டேங்க்கில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் விட்டுப் போகிறதே, அதை பாலிஷ் போட்டாலும் முழுசாக எடுக்க முடியாது.

கவரைக் கிழிப்பது காற்றின் பலம் மட்டும் இல்லை. இழுத்துக் கட்டிய துணி எவ்வளவு காற்றையும் தாங்கும். லாரிப் படுதா வருஷக்கணக்கில் தாங்குகிறது. கிழிப்பது தொய்வு. தொய்வு உள்ள இடத்தில் துணி படபடக்கும். ஒவ்வொரு அடியும் சின்னதுதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் அதே மடிப்பு, அதே தையல் ஆயிரக்கணக்கான அடி வாங்கிவிடும். முதலில் நூல் விடும், பிறகு துணி. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மண் இருந்தால் அதே படபடப்பு உப்புத்தாள் வேலை செய்யும்.

வேகம் எவ்வளவு சேர்க்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60 கி.மீ. வேகத்தில், எதிர்க்காற்றை நேராக வாங்கும் ஒரு சதுர மீட்டர் துணிமேல் சுமார் 16 கிலோ எடை சாய்வதற்குச் சமம். 80-ல் அது 29 கிலோ. 100-ல் 45. நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிக்கு 80-க்கு மேல் அனுமதி இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது, எதிர்க்காற்று அந்தக் கணக்கில் வராது. 80-ல் போகிற வண்டிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று சேர்ந்தால் கவருக்கு அது 110. அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனி, ஆடியில் பெங்களூர் சாலையில் மேற்கே போகிறவர்களுக்குக் காலையில் இதுதான் நிலைமை. நாகர்கோவில் பக்கம் போகிற லோடு என்றால் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கிற இடத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். முன்பக்கத்தை மட்டும் இறுக்கிக் கட்டிய கவர் அங்கே பக்கத்தில் பிரியும்.

கேபினுக்குப் பின்னால் காற்றே இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். கேபின் மேல் ஏறிப் போகிற காற்று, பின்னால் சுருண்டு பாடிக்குள் இறங்கும். குட்டி யானையில் இது இன்னும் மோசம். பைக்கை நிறுத்தினால் ஹேண்டிலும் கண்ணாடியும் கிட்டத்தட்ட கேபின் கூரை உயரத்துக்கு வந்துவிடும். உச்சிக்கு நேர்க்காற்று, அடிக்குச் சுழற்காற்று. டெயில் போர்டு பக்கம் நிலைமை வேறு. ஓடுகிற வண்டியின் பின்னால் அழுத்தம் குறைவதால், சாலைப் புழுதி மேலே எழுந்து பாடிக்குள் திரும்பி வரும். பின்பக்கம் திறந்த கவருக்குள் அந்தப் புழுதி நுழைந்தால் வெளியே போக வழி இல்லை. முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டு வாலைச் சும்மா விடுவதுதான் அதிகம் நடக்கிற கோளாறு.

இனி கட்டும் விதம். முதல் விதி: பைக்கை வண்டியோடு கட்டு, கவரை பைக்கோடு கட்டு. இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. பைக் தன் ஷாக் அப்சார்பர்மேல் ஆடிக்கொண்டே வரும். லாரி பாடி வேறொரு தாளத்தில் ஆடும். கவரின் ஓரக் கயிற்றைப் பாடிக் கொக்கியில் மாட்டினால் இந்த இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கவரின் கண்ணி, அதாவது கயிறு கோக்க ஓரத்தில் பதித்திருக்கும் உலோக வளையம். அலுமினியக் கண்ணி முதல் 50 கிலோமீட்டரிலேயே துணியைப் பிய்த்துக்கொண்டு வரும். கவர் பைக்கின் தோல் மாதிரி அதோடு சேர்ந்தே ஆட வேண்டும். லோடுமேன்கள் பழக்கத்தில் எல்லாவற்றையும் மூடி, மேலே கயிற்றைப் போட்டு இழுத்துவிடுவார்கள். அரிசி மூட்டைக்கு அது சரி. "அண்ணே, முதல்ல பெல்ட்டு, அப்புறம்தான் கவரு. கவர் மேல கயிறு வேணாம்ணே" என்று ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது, கட்டி முடித்தபின் அவிழ்க்கச் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பைக்கைக் கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன் சக்கரம் பாடியின் முன்பலகையில் முட்டி நிற்க வேண்டும், நடுவில் ஒரு ரப்பர் துண்டு. ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ்த்தட்டில் இரு பக்கமும் துணி வளையம் மாட்டி, அதிலிருந்து பெல்ட் முன்பக்கமாகச் சரிந்து பாடிக் கொக்கிக்குப் போக வேண்டும். ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்கினால் போதும். முழுசாக அமுக்கினால் ஆயில் சீல் போகும். பின்பக்கம் இரண்டு பெல்ட், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலிருந்தோ சேசிஸிலிருந்தோ. பெட்ரோல் ரிசர்வ் அளவுக்கு மேல் வேண்டாம்.

பெல்ட்டை ஹேண்டில் பாரிலிருந்து கட்டாமல் கீழ்த்தட்டிலிருந்து கட்டச் சொல்வதற்குக் கவர் சம்பந்தமான காரணமும் உண்டு. ஹேண்டிலிலிருந்து விரிந்து இறங்குகிற பெல்ட், கவரின் விளிம்பைக் கூடாரம் போலத் தூக்கி நிறுத்தும். தூக்கிய இடம் காற்றுக்கு வாசல். கீழ்த்தட்டிலிருந்து போனால் பெல்ட் தாழ்வாகவே வெளியேறும், விளிம்பை அதற்கு மேல் மடித்துக் கட்ட இடம் கிடைக்கும். பனி நாடுகளில் ஸ்னோமொபைலை டிரெய்லரில் ஏற்றுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு: முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளின்மேல் குறுக்கே ஒரு கம்பியை வைத்து முறுக்கிவிடுவார்கள், பின்னால் பம்பரில் ஒரு பெல்ட். மேலே உடம்பு முழுக்கக் கவருக்கே மிச்சம். அங்கே நிறுத்தி வைக்க ஒரு கவர், டிரெய்லரில் போக வேறொரு கவர் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். பின்னதில் அடியில் சுற்றி இறுக்குகிற பட்டைகளும், உள்ளே புகுந்த காற்று வெளியேற மூடி போட்ட துளைகளும் இருக்கும். நம் ஊரில் பைக் கவர் என்று கிடைப்பது பெரும்பாலும் முதல் வகைதான், வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கானது.

ஆகவே துணியைப் பார்த்து வாங்க வேண்டும். குடைத்துணி மாதிரி மெல்லிசாக, மடித்தால் சட்டைப் பையில் அடங்குகிற கவர் நெடுஞ்சாலைக்கு உதவாது. 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர், உள்பக்கம் பூச்சு உள்ளது, போதுமான கனம். 300 டெனியர் என்றால் நகரத்துக்குள் மட்டும். தையலை விரலால் இழுத்துப் பாருங்கள்: இரட்டைத் தையல் இருக்க வேண்டும், நூல் பாலியஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மாடல் சொல்லிக் கேட்டால் அளவுக்கு ஏற்ற கவர் எடுத்துக் கொடுப்பார்கள். "ஒரு சைஸ் பெருசா இருந்தா நல்லதுதானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. மிச்சமான ஒவ்வொரு சாணும் பலூன் மாதிரி உப்பும். கொஞ்சம் பெரிய கவர்தான் கையில் இருக்கிறது என்றால் மிச்சத்துணியை மடிப்பாகப் பிடித்து, மடிப்பின் வாய் பின்னோக்கி இருக்கும்படி படிய வைத்துக் கட்டுங்கள். வாய் முன்னோக்கி இருந்தால் அதுவே காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

கவர் போடுவதற்கு முன் பைக்கைக் கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும். இதைத் தட்டிக் கழிக்கிறவர்கள்தான் டேங்க் கீறிவிட்டது என்று கவரைத் திட்டுவார்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்பும் நுண்மணலும் ஒட்டியிருக்கும். துணியால் துடைத்தால் போகாது, தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும். கண்ணாடி, விண்ட்ஷீல்ட், சைடு பாக்ஸ், செல்போன் ஹோல்டர் எல்லாவற்றையும் கழற்றித் தனியாகப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் உள்ளிருந்து கவரைக் குத்தும். கழற்ற முடியாத ஹேண்டில் முனை, கிளட்ச் மற்றும் பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட், நம்பர் பிளேட் மூலைகள் இவற்றுக்கு ஃபோம் சுற்றி டேப் போட வேண்டும். 2 அல்லது 3 மி.மீ. தடிமன் உள்ள வெள்ளை ஃபோம் சீட் 4 மீட்டர் வாங்கினால் ஒரு பைக்குக்குத் தாராளம். சைலன்சர் ஆறும்வரை கவர் கிட்டவே போகக் கூடாது. பாலியஸ்டர் உருகி குரோமில் ஒட்டிக்கொண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

டேங்க்குக்கும் பக்கத் தகடுகளுக்கும் கவருக்கு அடியில் ஒரு மெத்தென்ற அடுக்கு தேவை. துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டி இதற்கு அருமையாகப் பொருந்தும். பபிள் ஷீட்டைக் குமிழ்ப்பக்கம் பெயின்ட்டில் படும்படி சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் ஒரு பகல் நின்றாலே வட்ட வட்டமாக அச்சு விழும் வாய்ப்பு உண்டு. பேக்கர்ஸ் ஆட்கள் சுற்றுகிற ஸ்ட்ரெச் ஃபிலிமும் நேராகப் பெயின்ட்டில் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஃபோமுக்கு மேல் சுற்றினால் தொல்லை இல்லை.

கவரை முன்பக்கமிருந்து போட்டு, முன் விளிம்பை ஹெட்லைட்டுக்குக் கீழே உள்ளே மடித்து, ஃபோர்க்கைச் சுற்றி இறுக்குவதுதான் முதல் கட்டு. காற்று நுழைகிற வாசல் அதுதான். அங்கே நுழைந்தால் மற்ற கட்டெல்லாம் வீண். இரண்டாவது கட்டு நடுவில், சீட்டும் டேங்க்கும் சேருமிடத்தில் மேலே போய், என்ஜினுக்கு அடியில் சுற்றி வர வேண்டும். மூன்றாவது சீட்டின் பின்பாதியில், பின் மட்கார்டுக்கு அடியில். மூன்றுக்கும் 25 மி.மீ. பட்டை, தலா 3 மீட்டர், அழுத்திப் பிடிக்கிற கேம் பக்கிளோடு. இங்கே ராட்செட் வேண்டாம். அதன் பலத்துக்கு ஃபேரிங் பிளாஸ்டிக் விரிசல் விடும், சீட்டில் தடம் பதியும். நடுப் பட்டை செயினிலோ பிரேக் ஹோஸிலோ சைலன்சரிலோ உராயாமல் போகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

பட்டையைத் தட்டையாக விட்டால் காற்றில் ரீங்காரமிட்டு அதிரும். அந்த அதிர்வே அடியில் உள்ள துணியைத் தேய்க்கும். துணியைத் தொடாமல் அந்தரத்தில் போகிற பகுதியில், அதாவது என்ஜினுக்கு அடியிலும் பைக்கைக் கட்டிய ராட்செட் பெல்ட்களிலும், ஒரே ஒரு முறுக்கு கொடுத்தால் அதிர்வு அடங்கிவிடும். மிச்ச வாலைச் சுருட்டி முடிந்துவிடுங்கள். தளர்ந்து தொங்குகிற ஒரு முழப் பட்டை நெடுஞ்சாலையில் சாட்டை போல அடிக்கும், பெயின்ட் போகும்.

பட்டைகளுக்கு இடையில் இன்னும் உப்புகிற இடங்களுக்குப் பழைய டியூபை விடச் சிறந்த சாமான் இல்லை. பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் டியூப் கேட்டு வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டிக் கோத்துக்கொண்டால் நீளம் வேண்டிய அளவு வரும். எட்டுப் பத்து வளையம் போதும். இழுத்துப் பிடிக்கும், வழுக்காது, கொக்கி கிடையாது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு பார்க்கச் சௌகரியம், ஆனால் குழியில் வண்டி விழும்போது கொக்கி கழன்று பறக்கும். மாட்டும்போது கை நழுவினால் நேராகக் கண்ணுக்கு வரும். அது தேவையே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வலை போட்டால் படபடப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். சரக்கு வலை வாங்கலாம். காசிமேடு பக்கம் கிடைக்கிற பழைய நைலான் மீன்வலையும் அதே வேலையைச் செய்யும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஊற வைத்துக் கழுவாவிட்டால் உப்பும் வரும், கோவை வரைக்கும் மணமும் வரும். வலையையும் பைக்கின் அடியில்தான் முடிய வேண்டும், பாடியில் அல்ல.

கவரில் கண்ணி இல்லாத இடத்தில் கயிறு கட்ட வேண்டியிருந்தால் துணியில் துளை போடாதீர்கள். உள்பக்கம் ஒரு கோலிக்குண்டை வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, வெளிப்பக்கம் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். இழுக்க இழுக்க இறுகும், பலம் துணி முழுக்கப் பரவும். கண்ணியில்தான் கட்டியாக வேண்டும் என்றால், கண்ணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு டியூப் வளையம் இருக்கட்டும். திடீர் இழுப்பை ரப்பர் வாங்கிக்கொள்ளும். கயிற்றில் பாலியஸ்டர் நல்லது. நைலான் பலமானதுதான், ஆனால் நனைந்தால் நீளும். ஐப்பசி, கார்த்திகையில் திண்டிவனம் தாண்டுவதற்குள் கட்டு தளர்ந்துபோக அது ஒன்றே போதும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோவை செட்டிபாளையத்துக்கோ ரேஸ் பைக் நாலைந்தை 14 அடி வண்டியில் ஏற்றும்போது, ஒவ்வொன்றுக்கும் கவர் கட்டியபின் மொத்தத்துக்கும் மேலே ஒரு படுதா போடுவார்கள். இங்கே மட்டும்தான் பாடிக் கொக்கியில் கட்டலாம், படுதா பைக்கைத் தொடாமல் நிற்குமானால். அதற்கு நடுவில் முதுகெலும்பாக ஒரு சவுக்குக் கம்பு வேண்டும், முன்பலகையிலிருந்து டெயில் போர்டு வரைக்கும், பைக்குகளின் உச்சிக்கு ஒரு சாண் மேலே. கம்பு இல்லாவிட்டால் இரண்டு பைக்குக்கு நடுவில் படுதா குழிந்து மழைத் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்திலும் எழும்பி விழுந்து கண்ணிகளைப் பிய்க்கும். ஒரு குழியில் 20 லிட்டர் நின்றால் 20 கிலோ, அதுவும் குதிக்கிற 20 கிலோ. இரண்டு படுதா சேர்த்துப் போட வேண்டி வந்தால் முன் படுதாவின் ஓரம் பின் படுதாவுக்கு மேலே வர வேண்டும். ஒரு முழமாவது ஏறி நிற்கட்டும். மாற்றிப் போட்டால் காற்று இடைவெளியில் கை விட்டுத் தூக்கிவிடும். ஒரு சீசன் வேலைக்கு 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) பிளாஸ்டிக் படுதா போதும். 90, 120 எல்லாம் கட்டட வேலைக்கு மூடி வைக்கத்தான். பாடியின் இரும்பு விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் தோட்ட ஹோஸை நீளவாட்டில் பிளந்து சொருகிவிடுங்கள்.

கிளம்பியபின் முதல் 15 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பதுதான் முக்கியம். துணி படிவது, ஃபோம் அமுங்குவது, முடிச்சு இறுகுவது எல்லாம் அதற்குள் நடந்துவிடும். எந்தக் கட்டும் அப்போது அரை விரலாவது தளர்ந்திருக்கும். வழியில் ஒரு டீக்கு நிறுத்தச் சொன்னால் எந்த டிரைவர் அண்ணனும் மறுக்கமாட்டார். கையால் கவரைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். கைப்பிடி அளவு துணி பிடிபட்டால் அந்த இடத்தில் இன்னொரு டியூப் வளையம் வேண்டும். அடுத்த சோதனை 50, 60 கிலோமீட்டர் தாண்டி. அதற்குப் பிறகு மழை பெய்தால், அல்லது டீசலுக்கு நிற்கும்போது. ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடியில் கவரின் ஓரம் ஆடுவது தெரிந்தால் அப்போதே ஓரம் கட்ட வேண்டும். ஆம்னி பஸ் ஒன்று ஒட்டி முந்தினாலே, ஆடுகிற ஓரம் முழுசாகப் பிரிந்துவிடும்.

நகரத்துக்குள் மட்டும் போகிற வேலை, உதாரணமாக அம்பத்தூரிலிருந்து வேளச்சேரிக்கு, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாது என்றால் கவரே வேண்டாம். லீவருக்கும் டேங்க்குக்கும் ஃபோம், அதற்கு மேல் ஸ்ட்ரெச் ஃபிலிம், போதும். சரியாகக் கட்டாத கவர், கவர் இல்லாத பைக்கைவிட அதிகம் கீறும். புழுதியைக் கழுவிவிடலாம். வெகுதூரம், விலை உயர்ந்த வண்டி, மழைக்காலம் மூன்றும் சேர்ந்து வந்தால் மூடிய கன்டெய்னர் வண்டிக்குக் காசு கொடுப்பதே மேல். எவ்வளவு நல்ல கவரும் அதற்கு ஈடாகாது.

வழியில் கிழிந்துவிட்டால் டேப்பை நம்பாதீர்கள். ஈரமும் புழுதியும் உள்ள துணியில் அது ஒட்டாது. கிழிசலின் இரண்டு ஓரங்களையும் கோலிக்குண்டு முடிச்சால் பிடித்துக் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேரலாம். பிறகு தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் மெழுகு நூலில் ஒட்டுப் போட்டுத் தருவார். பைக் கவர் விற்கிற கடைக்காரரைவிட அவர் கைத்தையல் நிற்கும். ஒட்டுத்துணியின் மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள், கூரான மூலையிலிருந்துதான் அடுத்த கிழிசல் ஆரம்பிக்கும். கிழிசலின் நுனிக்கு அப்பாலும் இரண்டு அங்குலம் ஒட்டு போக வேண்டும்.

இறக்கியவுடன் கவரைக் கழற்றிவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உள்ளே வியர்த்த ஈரம் ஒரே இரவில் செயினிலும் டிஸ்க்கிலும் துருவைக் கொண்டுவரும். கழற்றும்போது துணியை டேங்க்மேல் இழுக்காமல் பின்னாலிருந்து சுருட்டிக்கொண்டே முன்னால் வர வேண்டும், மேலே படிந்த புழுதி சுருளுக்குள் போய்விடும். கவரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, நிழலில் உலர்த்தி, பட்டைகளையும் டியூப் வளையங்களையும் அதற்குள்ளேயே வைத்துச் சுருட்டுங்கள்.